கட்டுநாயக்காவுக்கு அப்பால் யார் பார்க்கிறார்கள்?

வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கும் ஒரு தமிழ் இளைஞன் பயமின்றி இருக்க முடியுமா? கொட்டாஞ்சேனை லொட்ஜ் ஒன்றுக்கு இரவுச் சோதனைக்கு வரும் பொலிஸார், உடம்பில் தழும்புள்ள ஒருவரை விட்டுவிடுவார்களா, கூட்டிக்கொண்டு போவார்களா? கொழும்பிலிருந்து எண்ணாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், லண்டனிலும் ஸ்ட்ராஸ்பேர்க்கிலும் நீதிபதிகள் இத்தகைய கேள்விகளைப் பக்கம் பக்கமாக ஆராய்ந்து தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். புகலிடம் மறுக்கப்பட்ட ஒருவரை விமானம் ஏற்றலாமா என்பது பல வழக்குகளில் அந்த விடையில்தான் தங்கியிருந்தது.

ஐரோப்பா ஆட்களைத் திருப்பி அனுப்புகிறது என்றவுடன் தடுப்பு முகாமும் கைவிலங்கும் தனி விமானமும்தான் நினைவுக்கு வரும். இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரு முன்கணிப்பு: இந்த மனிதர் இந்த ஊருக்குத் திரும்பினால் இவருக்கு என்ன நடக்கும்? நாளை மழை என்று வானிலை அதிகாரி சொன்னால், நாளைய வானமே அதைச் சரிபார்த்துவிடும். பிழையாகிப்போன கணிப்புகளைக் கொண்டு அடுத்த கணிப்பைத் திருத்தித் திருத்தித்தான் அந்த விஞ்ஞானம் வளர்ந்தது. திருப்பி அனுப்பும் முடிவுக்கு இப்படியொரு சரிபார்ப்பு இல்லை. விமானம் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் அனுப்பிய நாட்டில் கோவை மூடப்படுகிறது. ஈழத்தமிழர் வழக்குகள் சிலவற்றில் மட்டும், அதன்பின் நடந்தது கண்ணுக்குத் தெரிந்தது. அவை கற்றுத்தந்தவை இன்று புலம்பெயர்ந்தோர் எல்லோருக்கும் வேண்டிய பாடங்கள்.

இரண்டு நாடுகள் சம்மதிக்க வேண்டும்

தன் மண்ணில் யார் வாழலாம் என்று தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு. அந்த உரிமைக்கு எல்லையும் உண்டு. ஐரோப்பிய மனித உரிமைகள் உடன்படிக்கையின் 3ஆவது உறுப்புரை சித்திரவதையை எந்த விதிவிலக்கும் இன்றித் தடைசெய்கிறது. ஒருவரைச் சித்திரவதை செய்யும் கைகளில் தெரிந்தே ஒப்படைப்பதும் அந்த உறுப்புரையை மீறுவதுதான் என்று ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்தது. எனவே அனுப்புமுன் 'உண்மையான அபாயம்' இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

அனுப்பும் முறையை ஐரோப்பிய ஒன்றியம் 2008 டிசெம்பரில் ஒரு பணிப்புரையாக இயற்றியது. சுவிட்சர்லாந்தும் நோர்வேயும் ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் செங்கன் ஏற்பாட்டின் வழியாக அதைப் பின்பற்றுகின்றன. வதிவிட உரிமை இல்லாதவருக்கு வெளியேறும்படி ஆணை வரும். தானாகப் புறப்பட 7 முதல் 30 நாட்கள் தரப்படும். புறப்படாவிட்டால் பலவந்தமாக அனுப்பலாம். அதற்காக 6 மாதம் வரை தடுத்து வைக்கலாம். சில சூழ்நிலைகளில் மேலும் 12 மாதம் நீட்டலாம். மீண்டும் உள்ளே வரப் பொதுவாக 5 வருடம் வரை தடை விதிக்கலாம். புகலிடம் மறுக்கப்பட்டதும் சுவிஸ் தமிழர் 'நெகட்டிவ் வந்திட்டுது' என்று சொல்லும் அந்த ஒற்றைச் சொல்லுக்குப் பின்னால் இத்தனை படிகள் வரிசையாக நிற்கின்றன.

ஆனால் ஆணை மட்டும் போதாது. இவர் எங்கள் பிரஜைதான் என்று இன்னொரு நாடு ஏற்றுக்கொள்ளும் வரை யாரையும் விமானம் ஏற்ற முடியாது. வெளிநாட்டுக்குக் கள்ளமாக ஆளனுப்பும் ஏஜென்சிக்காரரிடம் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போய்ச் சேர்ந்தவருக்குத் தூதரகம் தற்காலிகப் பயணப் பத்திரம் தர வேண்டும். அதற்கு அவர் யார், எந்த ஊர், யாருடைய பிள்ளை என்பது தெரிய வேண்டும். எந்த அரசுக்குப் பயந்து ஓடினாரோ அதே அரசிடம்தான் அவரை அடையாளம் காட்டச் சொல்லிக் கேட்கிறார்கள். பயணப் பத்திரம் கைக்கு வரும்போது, அவர் வருகிறார் என்ற செய்தியும் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்தச் சம்மதத்தை முன்கூட்டியே பெற்றுக்கொள்ள ஐரோப்பா செய்வதுதான் மீளேற்பு உடன்படிக்கை. இலங்கையுடனான உடன்படிக்கை 2004 ஜூன் 4ஆம் திகதி கொழும்பில் கைச்சாத்தாகி, 2005 மே 1இல் நடைமுறைக்கு வந்தது. ஹொங்கொங், மக்காவ் ஆகியவற்றுக்கு அடுத்ததாக ஐரோப்பிய ஒன்றியத்துடன் இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தது இலங்கைதான். கைச்சாத்திட்டபோது நாட்டில் போர்நிறுத்தம் இருந்தது. 2006இல் போர் மீண்டும் மூண்டது. 2008 ஜனவரியில் போர்நிறுத்தம் உத்தியோகபூர்வமாகவே முடிந்தது. உடன்படிக்கையோ இன்றும் இருக்கிறது. ஒருவரது ஊரின் நிலைமை மாதக்கணக்கில் புரளலாம். அவரைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடுகள் பத்தாண்டுக்கணக்கில் நிலைக்கின்றன.

ஒத்துழைக்காத நாடுகளை அழுத்தவும் வழி வைத்திருக்கிறார்கள். தன் பிரஜைகளை மீளேற்காத நாட்டவருக்கு விசாவை இறுக்க 2020 பெப்ரவரி முதல் ஒன்றியத்தின் விசாச் சட்டம் இடம் தருகிறது. 2021இல் முதலில் அகப்பட்டது காம்பியா. இலங்கையின் ஆடை ஏற்றுமதிக்கு உயிர்நாடியான ஜீஎஸ்பி பிளஸ் போன்ற வரிச்சலுகைகளையும் மீளேற்போடு கோர்க்க வேண்டும் என்று ஐரோப்பிய ஆணைக்குழு 2021இல் பிரேரித்தது. புகலிடம் இழந்த ஒருவரின் கோவை, கட்டுநாயக்கா சுதந்திர வர்த்தக வலயத்தில் தையல் இயந்திரத்தின் முன் இருக்கும் ஒரு பெண்ணின் வேலையோடும் பிணைக்கப்படக்கூடும்.

தோலில் இருக்கும் இரண்டு பதிவுகள்

கடவுச்சீட்டைக் கிழித்தெறியலாம். விரல் நுனியை எறிய முடியாது. கரு வளரும் மூன்றாம் மாதமளவில் விரல் நுனித் தோலில் மேடுகள் தோன்றி, ஐந்தாம் மாதத்துக்குள் அவற்றின் கோலம் நிலைபெற்றுவிடும். ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கும் அது வேறுபடும். ஐரோப்பாவில் பதிந்த கைரேகை தம்மைக் காட்டிக்கொடுக்கும் என்று விரல் நுனிகளைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. மேல்தோல் மட்டும் கருகினால் அடியிலுள்ள படை அதே கோலத்தை அச்சுப்பிசகாமல் மீண்டும் வளர்த்துவிடுகிறது.

யூரோடாக் என்னும் கைரேகைத் தளம் 2003 ஜனவரியில் இயங்கத் தொடங்கியது. இத்தாலியில் கரையேறி பிரான்சில் புகலிடம் கேட்பவரின் ரேகை, அவர் முதலில் எங்கே பதியப்பட்டார் என்பதைச் சொல்லிவிடும். 14 வயதுக்கு மேற்பட்டோரின் ரேகையைத்தான் முதலில் பதிந்தார்கள். 2024இல் இயற்றிய புதிய சட்டம் அந்த வயதை 6 ஆகக் குறைத்து, முகப்படத்தையும் சேர்த்திருக்கிறது. இந்தத் தளத்தை நடத்தும் நிறுவனத்தின் தொழில்நுட்ப நிலையம் ஸ்ட்ராஸ்பேர்க்கில் இருக்கிறது. மனித உரிமைகள் நீதிமன்றமும் அதே நகரத்தில்தான்.

இனி மற்றப் பதிவு. காயம் மேல்தோலைத் தாண்டி ஆழமாகப் போனால் பழைய தோல் திரும்ப வருவதில்லை. உடல் கொலாஜன் நார்களை அவசரமாக அடுக்கி அந்த இடத்தை மூடுகிறது. அதுதான் தழும்பு. ஷெல் வீச்சுக்குள் வளர்ந்த ஒரு தலைமுறையின் உடம்பில் அது சாதாரணம். காவலரண்களிலும் விசாரணை அறைகளிலும் தழும்பு இருந்தால் போர்க்களத்தில் நின்றவர் என்று சந்தேகித்தார்கள். சித்திரவதையே அந்தத் தழும்பை உண்டாக்கியிருந்தாலும் கதை அதுதான்.

2008 ஜூலை 17ஆம் திகதி ஸ்ட்ராஸ்பேர்க் தீர்ப்பளித்த ஒரு வழக்கில் இந்த இரண்டு பதிவுகளும் சந்தித்தன. வழக்காளி 1990க்கும் 1997க்கும் இடையில் இராணுவத்தால் ஆறு முறை கைதானவர். கால்களில் பொல்லடித் தழும்புகள். ஒரு கைதின்போது புகைப்படமும் கைரேகையும் எடுக்கப்பட்டிருந்தன. பிரித்தானியா அவரைக் கொழும்புக்கு அனுப்பப் பார்த்தது. முன்னைய கைது, தழும்பு, லண்டனிலிருந்து திரும்புதல், சட்டவிரோதமாக வெளியேறியது, அடையாள அட்டை இல்லாமை, வெளிநாட்டில் புகலிடம் கேட்டது என்று அபாயக் காரணிகளின் பட்டியலொன்றை நீதிமன்றம் எடுத்துக்கொண்டது. தனித்தனியே பார்த்தால் சிறியவையாகத் தெரியும் காரணிகள் ஒன்றுசேரும்போது உண்மையான அபாயமாகலாம் என்று விளக்கி, அவரை அனுப்பினால் 3ஆவது உறுப்புரை மீறப்படும் என்றது. அந்நாளில் இலங்கைக்கு அனுப்பப்படவிருந்த முன்னூறுக்கு மேற்பட்ட தமிழரின் பயணங்களை அதே நீதிமன்றம் இடைக்கால உத்தரவுகளால் நிறுத்தி வைத்திருந்தது.

தழும்பைப் படிக்கவும் ஒரு முறை உண்டு. 1999இல் உருவான இஸ்தான்புல் நெறிமுறை, காயம் சொல்லப்படும் காரணத்தோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதை மருத்துவர் படிப்படியாகத் தரப்படுத்தச் சொல்கிறது. பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சுடப்பட்டதாகச் சொன்ன ஒரு தமிழரின் தழும்புகள், வழக்கில் வெல்வதற்காக அவர் கேட்டு வேறொருவர் சுட்டவையாகவும் இருக்கலாம் என்று பிரித்தானியத் தீர்ப்பாயம் கருதியது. மேன்முறையீட்டில் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் 2019 மார்ச்சில் அந்த முடிவை ரத்துச் செய்தது. புகலிடத்துக்காகத் தன்னைத் தானே சுடுவிக்கும் மனிதர் மிக அரிது என்பதை அது நினைவூட்டியது.

கொழும்பு என்ற கருதுகோள்

1990களில் ஜேர்மனியிலும் சுவிஸிலும் பிரித்தானியாவிலும் புகலிடம் மறுத்த பல முடிவுகளில் ஒரே வாதம் திரும்பத் திரும்ப வந்தது: யாழ்ப்பாணத்தில் ஆபத்து இருக்கலாம், கொழும்பில் வாழலாம்தானே? உள்நாட்டிலேயே தப்பிவாழ இடம் இருந்தால் அந்நிய நாடு புகலிடம் தரத் தேவையில்லை என்பது சட்டத்தில் ஏற்கப்பட்ட கோட்பாடு. அந்த இடமாகக் காட்டப்பட்டவை நடைமுறையில் வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும்தான். தமிழ்ச் சனம், கோயில்கள், பள்ளிகள், தமிழில் பேசி வாடகைக்கு வீடு எடுக்கலாம். தூரத்திலிருந்து பார்த்தால் நியாயமாகவே தெரியும்.

உள்ளேயிருந்து பார்த்தால் அந்த வாழ்க்கை பொலிஸ் பதிவில் தொங்கிக்கொண்டிருந்தது. வடக்குக் கிழக்கிலிருந்து வந்தவர் எதற்கு வந்தார், எத்தனை நாள் நிற்பார் என்று பொலிஸில் பதிய வேண்டும். விசாவுக்கோ வைத்தியத்துக்கோ ஏஜென்சிக்காரரின் அழைப்புக்கோ காத்திருந்தவர்களால் லொட்ஜுகள் நிறைந்திருந்தன. 2007 ஜூன் 7ஆம் திகதி விடியுமுன் பொலிஸாரும் படையினரும் கொழும்பின் லொட்ஜுகளுக்குள் புகுந்து, தகுந்த காரணமின்றித் தங்கியிருக்கிறார்கள் என்று 376 தமிழரை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் அதற்கு அப்பாலும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் என்ற அமைப்பு வழக்குத் தொடுத்தது. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்கால உத்தரவிட்டது. பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். பலர் மீண்டும் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டனர்.

ஒரு கருதுகோளைச் சோதிக்க இதைவிடத் தெளிவான அவதானிப்பு கிடைக்காது. கொழும்பில் தமிழர் வாழ்ந்தார்கள், வாழ்கிறார்கள், அது உண்மை. ஆனால் சொந்த வீடும் நிரந்தர முகவரியும் உள்ள வெள்ளவத்தைக்காரரின் பாதுகாப்பு, நேற்று விமானத்தில் வந்திறங்கி லொட்ஜில் படுத்திருப்பவருக்குக் கிடையாது. திருப்பி அனுப்பப்படுபவர் வந்து சேர்வது பெரும்பாலும் லொட்ஜுக்குத்தான்.

பின்னர் நடந்தது தெரிந்த வழக்குகள்

1987 பெப்ரவரியில் ஹீத்ரோ விமான நிலையத்தில், தம்மைத் திருப்பி அனுப்புவதை எதிர்த்துத் தமிழர் சிலர் உள்ளாடையோடு நின்றார்கள். அதே ஆண்டு, உரிய பத்திரமில்லாத பயணிகளை ஏற்றிவரும் விமான நிறுவனங்களுக்கு ஆளுக்கு 1,000 பவுண் தண்டம் விதிக்கும் சட்டத்தைப் பிரித்தானியா கொண்டுவந்தது. ஹார்விச் துறைமுகத்தில் 'ஏர்ல் வில்லியம்' என்ற பழைய பயணிகள் கப்பலில் தமிழர் தடுத்து வைக்கப்பட்டனர். அந்த ஒக்டோபரில் வீசிய பெரும்புயலில் கப்பல் கட்டறுத்துக்கொண்டு போய்விட்டது.

அதே காலத்தில் புகலிடம் மறுக்கப்பட்ட ஐந்து தமிழர் 1988 பெப்ரவரியில் இலங்கைக்கு அனுப்பப்பட்டனர். அன்றைய சட்டப்படி மேன்முறையீட்டை வெளிநாட்டிலிருந்துதான் செய்யலாம் என்பதால், இலங்கையில் இருந்தபடியே செய்தார்கள். 1989 மார்ச்சில் பிரித்தானியத் தீர்ப்பாளர், இவர்களுடைய பயம் ஆதாரமுள்ளது, இவர்களை அனுப்பியிருக்கக் கூடாது என்று முடிவு செய்தார். அவர்கள் மீண்டும் பிரித்தானியா வந்து சேர்ந்தார்கள். ஸ்ட்ராஸ்பேர்க் நீதிமன்றமோ 1991 ஒக்டோபர் 30இல், அனுப்பிய வேளையில் தெரிந்திருந்தவற்றை வைத்துப் பார்த்தால் 3ஆவது உறுப்புரை மீறப்படவில்லை என்றது. திரும்பிய சிலர் துன்புறுத்தப்பட்டது உண்மைதான். ஆனால் அதை முன்கூட்டியே அறிந்திருக்க இயலாது என்பது அதன் நியாயம். முன்கணிப்பின் எல்லையை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன தீர்ப்புகள் குறைவு.

இருபத்தைந்து வருடங்களுக்குப் பிறகு அதே கேள்வி சுவிஸில் எழுந்தது. 2013 ஓகஸ்டில் ஒரு தமிழர் மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் கொழும்புக்கு அனுப்பப்பட்டார். கட்டுநாயக்காவில் குடும்பம் 13 மணி நேரம் விசாரிக்கப்பட்டது. அவர் தடுத்து வைக்கப்பட்டுத் துன்புறுத்தப்பட்டார். அதற்கு முந்தைய மாதம் அனுப்பப்பட்ட இன்னொருவரும் கைதாகியிருந்தார். செய்தி வெளிவந்ததும் செப்டெம்பரில் சுவிஸ் திருப்பியனுப்பலை இடைநிறுத்தியது. வெளியிலிருந்து நிபுணர்களை அழைத்துக் கோவைகளைப் படிக்கக் கொடுத்தது. அவர்கள் குறைபாடுகளைச் சுட்டிக்காட்டினார்கள். 2015இல் அந்த மனிதர் மனிதாபிமான விசாவில் மீண்டும் சுவிஸ் வந்து அகதி அந்தஸ்துப் பெற்றார். 2017 ஜனவரி 26இல் ஸ்ட்ராஸ்பேர்க் நீதிமன்றம், ஜூலையில் அனுப்பப்பட்டவர் கைதானதிலிருந்தே சுவிஸ் அதிகாரிகள் அபாயத்தை உணர்ந்திருக்க வேண்டும் என்று கண்டது. 1991இல் முன்கூட்டி அறிய முடியாது என்ற நீதிமன்றம் 2017இல் அறிந்திருக்க வேண்டும் என்றது. இடையில் ஓர் அவதானிப்பு இருந்தது என்பதுதான் வித்தியாசம்.

ஆனால் இப்படித் தற்செயலாகக் கிடைக்கும் அவதானிப்புகளில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. 2012இல் லண்டனிலுள்ள ஃபிரீடம் ஃப்ரம் டோர்ச்சர் என்ற அமைப்பு, பிரித்தானியாவிலிருந்து திரும்பிப்போய்ச் சித்திரவதைக்கு உள்ளான தமிழரின் மருத்துவச் சான்றுகளை வெளியிட்டது. அந்தச் சான்றுகள் இருந்ததற்குக் காரணம், அவர்கள் மறுபடியும் தப்பி லண்டன் வந்து சேர்ந்ததுதான். தப்பாதவர் கணக்கில் வரமாட்டார். பத்திரமாக வீடு போய்க் கடை வைத்துப் பிழைப்பவரும் வரமாட்டார். புள்ளியியலில் இதைத் தெரிவுச் சார்பு என்பார்கள்: கண்ணில் பட்டவர்களை மட்டும் வைத்து எல்லோரையும் பற்றிச் சொல்வது. இதனால் அரசுகள் தீங்கு நடந்ததற்குச் சான்றில்லை என்கின்றன. உரிமை அமைப்புகள் கையிலுள்ள தழும்புகளைக் காட்டுகின்றன. முழுக் கூட்டத்தையும் யாரும் எண்ணாதவரை இரண்டு தரப்பும் ஒரே இருட்டில்தான் நின்று பேசுகின்றன.

எண்ணப்படுவதும் எண்ணப்படாததும்

பிரசல்ஸ் ஓயாமல் சொல்லிவந்த எண் ஒன்று உண்டு: வெளியேறும்படி ஆணை பெற்றவர்களில் ஏறத்தாழ 20 சதவீதத்தினரே உண்மையில் திரும்பினார்கள். அதை உயர்த்தவே 2025 மார்ச் 11ஆம் திகதி ஐரோப்பிய ஆணைக்குழு, 2008 பணிப்புரைக்குப் பதிலாகப் புதிய ஒழுங்குவிதி ஒன்றை முன்வைத்தது. ஒரு நாட்டின் வெளியேற்ற ஆணையை மற்ற நாடுகளும் ஏற்பது, தடுப்புக்காவலை 24 மாதம் வரை நீட்டுவது, சொந்த நாடல்லாத மூன்றாம் நாடொன்றிலுள்ள மையத்துக்கே அனுப்ப வழி செய்வது ஆகியவை அதிலுள்ளன. அறிமுகமே இல்லாத நாட்டில் ஒருவருக்கு என்ன நடக்கும் என்பதைக் கணிப்பது கொழும்பைக் கணித்ததைவிடக் கடினம்.

20 சதவீதம் என்ற எண் எதை அளக்கிறது? புறப்பாட்டை. 2008 பணிப்புரையும் பலவந்தமாக அனுப்புவதைக் கண்காணிக்கச் சொல்கிறது. நடைமுறையில் அந்தக் கண்காணிப்பு பெரும்பாலும் ஆளைக் கையளிப்பதோடு நின்றுவிடுகிறது. திரும்பியவரை அதற்குப் பிறகுதான் குடிவரவு அதிகாரியும் அரச புலனாய்வுச் சேவையும் குற்றப் புலனாய்வுத் திணைக்களமும் விசாரிக்கின்றன. கள்ளமாக வெளியேறியிருந்தால் 1948ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின்கீழ் நீர்கொழும்பு நீதவான் முன் நிறுத்தப்படலாம். பிடியாணை உள்ளவரை விமான நிலையத்திலேயே மறிக்கும் பட்டியல் ஒன்று, ஊருக்குப் போகவிட்டுப் பின்தொடரும் பட்டியல் ஒன்று என இரண்டு இருப்பதை 2013இல் பிரித்தானிய மேல் தீர்ப்பாயம் தன் வழிகாட்டித் தீர்ப்பில் பதிந்தது. இரண்டாவது பட்டியலில் உள்ளவருக்கு விமான நிலையத்தில் ஒன்றும் நடக்காது. அங்கே மட்டும் பார்ப்பவர் எல்லாம் சுகமே என்று எழுதிவிட்டுப் போவார்.

செய்ய வேண்டியது கடினமானதல்ல. அனுப்பப்பட்டவர், தாம் விரும்பினால், மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் ஓராண்டு முடிவிலும் சுயாதீனமான ஒருவரோடு பேச வழி இருக்க வேண்டும். அந்தத் தொடர்பே அவரைக் காட்டிக்கொடுக்காதபடி, தூதரக வாகனம் வீட்டு வாசலில் நிற்காதபடி அது அமைய வேண்டும். கிடைக்கும் தகவல் பெயர் நீக்கித் தொகுக்கப்பட்டு, அடுத்த கோவையைப் படிக்கும் அதிகாரியின் மேசைக்குப் போக வேண்டும். ஆபத்து உறுதியானால், சுவிஸ் ஒருமுறை செய்தது போல, திரும்ப அழைக்கும் விசா தயாராக இருக்க வேண்டும். பெரும்பாலோர் சுகமாக இருக்கிறார்கள் என்று தெரியவந்தால் அதுவும் நல்ல செய்திதான். திரும்பலாமா என்று யோசிப்பவர்கள் ஏஜென்சிக்காரரின் பேச்சை விட்டு அதை நம்பி முடிவெடுப்பார்கள்.

இன்று அந்த வேலையைக் கூலியின்றிச் செய்பவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள்: விமான நிலைய வாசலில் விடியும்வரை காத்திருக்கும் தாய், நீர்கொழும்பு நீதிமன்றத்தில் பிணைக்கு நிற்கும் மாமா, பொலிஸ் நிலையத்துக்குக் கூடப்போகும் சட்டத்தரணி, பங்குத் தந்தை. எத்தனை மணிக்கு உள்ளே கூப்பிட்டார்கள், யார் கேட்டார்கள், என்ன எழுதி வாங்கினார்கள் என்று அவர்கள் மனதில் வைத்திருப்பதெல்லாம் தரவு. அதைத் திகதியோடு எழுதி வைப்பது குடும்பம் செய்யக்கூடியது. எழுதியவற்றைச் சேர்த்து, எண்ணி, தன் முடிவுகள் சரியா பிழையா என்று பார்க்கும் பொறுப்பு, மனிதரை விமானம் ஏற்றி அனுப்பும் அரசுகளுடையது.